மேரி நடுவில் நிற்க வேண்டும்

போன மாதம் எங்கள் வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒரு டேப்ரிக்கார்டர் செட் வாங்கினார். கூடவே இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். ஆணி அடிக்கும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். ஒரு பெட்டியை ஹாலில் அலமாரிக்கு மேலே மாட்டினோம். இன்னொன்றுக்கு நீளமாக ஒயர் இழுத்து, சமையலறைக்குக் கொண்டுபோய் அரிசி டின்னின் மேல் உட்காரவைத்தார். "வேலை பாத்துக்கிட்டே அவங்களும் கேக்கட்டும் சார்" என்றார். மனைவியிடம் அவ்வளவு பிரியம்.

இரண்டையும் ஒரே அறையில், ஒரே உயரத்தில், ஆறடி தள்ளித் தள்ளி வையுங்கள், எதிரே நடுவாக ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள், அப்போது தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். எனக்கு இது பழைய வியாதி. சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இறங்கி வந்துவிடுவது. இதனால் நிறையப் பேருக்கு நான் சாதுவான மனிதனாகத் தெரிகிறேன். ஒருவனுக்கு மட்டும் அப்படித் தெரியவில்லை.

கீழே வந்து கையை முகர்ந்து பார்த்தேன். பிளாஸ்டிக் வாசனைதான் இருந்தது. ஸ்பீக்கர் பெட்டி என்றால் தேயிலை வாசனை அடிக்க வேண்டும் என்று என் மூக்கு இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் ஒரு காலத்தில் செய்த பெட்டிகள் தேயிலைப் பெட்டிப் பலகையால் ஆனவை. துறைமுகத்தில் உடைந்துபோகும் பெட்டிகளின் பலகை ராயபுரத்தில் சுலபமாகக் கிடைக்கும். மிக மெல்லிசு. இரண்டிரண்டாக வஜ்ரப் பசை காய்ச்சி ஒட்டி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைத்தால்தான் பலகை என்று சொல்லும்படி ஆகும். உள்ளே இலவம்பஞ்சு. ஆம்ப்ளிஃபையரின் வால்வுகள் சூடேறி அறையும் சூடேறும்போது பலகைக்குள்ளிருந்து பழைய தேயிலை மணம் மெதுவாகக் கிளம்பும். பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போதே டீ குடிக்க வேண்டும் போல இருக்கும். எழுந்து போய் அடுப்பு மூட்டச் சோம்பலாகவும் இருக்கும்.

அப்போது நான் காலடிப்பேட்டையில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தேன். ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்று, திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். காலையில் சங்கு ஊதியதும் தொழிலாளர்கள் வரிசையாக வந்து, நம்பர் போட்ட பித்தளைப் பில்லையை என் ஜன்னல் வழியே நீட்டுவார்கள். ஜன்னல் மிகவும் தாழ்வானது. கைகள்தான் தெரியும், முகங்கள் தெரியாது. எண்ணெய்க் கறை படிந்த கை, மோதிர விரல் இல்லாத கை, பச்சை குத்திய கை. சாலையில் எதிரே வந்தால் ஒருவரையும் எனக்கு அடையாளம் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. ஆறு வருஷத்தில் அந்த ஜன்னல் வழியே ஒருவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம், "சார், பில்லை கீழ வுழுந்துட்ச்சி" என்பதுதான். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

இப்படிப்பட்டவனுக்கு ரேடியோ பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. அது நம்மோடு பேசும். பதில் எதிர்பார்க்காது. பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வண்ணாரப்பேட்டையில் காதர் பாய் கடைக்குப் போவேன். கடை என்பது ஒரு சந்துக்குள் இருந்த நீளமான கொட்டகை. உடைத்த கப்பலிலிருந்து கழற்றிய சாமான்கள், சண்டைக் காலத்தில் ராணுவம் விட்டுப்போன சாமான்கள், சினிமாக் கொட்டகைகள் வேண்டாமென்று தள்ளிய சாமான்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். பாய்க்கு என் வயதுதான் இருக்கும். ஸ்பீக்கர் எப்படிப் பாடுகிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. எடை போட்டு வாங்குவார், முகத்தைப் பார்த்து விற்பார்.

அந்தக் கொட்டகையில்தான் சவரியைப் பார்த்தேன். சவரிமுத்து. ராயபுரத்தில் கடலோரத் தெரு ஒன்றில் அக்காள் வீட்டில் இருந்தான். சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூமில் எண்ணெய் விடும் வேலை. ஒரு பயணம் முடிந்து வந்தால் அடுத்த முறை வருவதற்கு ஆறு மாதமோ எட்டு மாதமோ கரையில் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அது எரிஞ்சி பூட்ச்சி மாமு, மோந்து பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முகர்ந்து பார்த்தேன். எரிந்துதான் போயிருந்தது. "வியாபாரத்துல மண்ணப் போடாதடா" என்று காதர் பாய் அவனைத் திட்டினார். அதற்குள் சவரி என் தோளில் கை போட்டுவிட்டான். யாரும் அதற்கு முன் என் தோளில் கை போட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றேன். அவன் எடுக்கிறவரைக்கும்.

அப்போதுதான் முடிந்திருந்த பயணத்தில் அவன் ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில், ஒரு கடையில், இரண்டு பெட்டியில் பாட்டு கேட்டிருந்தான். அதை எனக்கு விளக்கினான்.

"இந்தாண்ட ஒரு பொட்டி, அந்தாண்ட ஒரு பொட்டி. பாட்டு ரெண்டுத்துலயும் இல்ல மாமு. நடுவுல கீது."

"நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வெறும் செவுரு. அங்க நின்னுகினு பாடுறா."

"யாரு?"

"அதான் யாரும் இல்லன்றேனே!"

நான் நம்பவில்லை. ஆனால் அவன் ஒரு ரிக்கார்டும், அதற்கென்றே செய்த முள் பொருத்தும் தலையும் வாங்கிவந்திருந்தான். ரிக்கார்டின் உறை கப்பலில் எண்ணெயில் நனைந்து கிழிந்துபோயிருந்தது. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்திலும் எழுத்து அழிந்துவிட்டது. ஒரு பெண் பாடியிருந்தாள். என்ன பாஷை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "மேரின்னு வச்சிக்கலாம். எல்லா ஊர்லயும் ஒரு மேரி கீறா" என்றான் சவரி. அன்று முதல் அவள் மேரி.

ஆறேழு வாரத்தில் இரண்டு ரேடியோக்களின் உறுப்புகளை எடுத்து இரட்டை ஆம்ப்ளிஃபையர் ஒன்று செய்தேன். சத்தம் கூட்டக் குறைக்க இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே குமிழ். கப்பல் சாமானிலிருந்து கழற்றிய அருமையான குமிழ், சவரி கொண்டுவந்தது. அதைத் திருகினால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கூடும், ஒன்றாகக் குறையும். அதில் எங்களுக்கு ஒரே பெருமை. ஒரு பக்கத்தை மட்டும் கூட்ட வழியில்லை என்பது அப்போது ஒரு குறையாகத் தோன்றவில்லை. இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று சரியான ஜோடியாக இருந்துவிட்டால் எதற்காக ஒரு பக்கத்தை மட்டும் கூட்ட வேண்டும்?

அந்த ஜோடிதான் கிடைக்கவில்லை.

காதர் பாய் கடையில் எட்டு அங்குல ஸ்பீக்கர்கள் முப்பது நாற்பது தொங்கும். ஒரே கம்பெனி, ஒரே நம்பர் போட்டிருந்தாலும் ஒன்றைப் போல ஒன்று பேசாது. ஒன்று மழையில் நனைந்து காய்ந்திருக்கும். ஒன்றுக்குக் காந்தம் களைத்திருக்கும். நான் ஒவ்வொன்றாக இறக்கி, காகிதக் கூம்பை நகத்தால் சுண்டிக் கேட்பேன். இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அமுக்கி, உள்ளே உரசுகிறதா என்று பார்ப்பேன். டார்ச் பேட்டரியைத் தொட்டு எடுத்தால் 'டொக்' என்று கூம்பு முன்னால் குதிக்கும், அல்லது பின்னால் போகும். முன்னால் குதிக்கிற பக்கத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைப்பேன். பொட்டு மாறி இணைத்துவிட்டால் இரண்டு பெட்டியும் ஒன்றோடொன்று சண்டை போடும். மேரி எங்கேயும் நிற்க மாட்டாள்.

"இன்னா சார், ஸ்பீக்கர் பாக்குறியா, ஜாதகம் பாக்குறியா?" என்பார் பாய். "பொட்டெல்லாம் வச்சி முடிச்சிட்டே. தாலி எடுத்தாரட்டா?" கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் காது சிவந்துவிடும். ஆனால் பாய் நல்லவர். நோகாமல் எடுத்துப்போய் நோகாமல் கொண்டுவந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக் கொடுப்பார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இன்னொரு சோதனை. இரண்டு ஸ்பீக்கர்களையும் தரையில் மல்லாக்க வைத்து, கூம்புக்குள் பத்துப் பத்துக் கடுகு போட்டு, இரண்டுக்கும் ஒரே மாதிரி 'ம்ம்ம்' என்ற சத்தத்தைக் கொடுப்பேன். கடுகுகள் துள்ளும். இரண்டிலும் ஒரே உயரத்துக்குத் துள்ள வேண்டும். நான் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு பார்ப்பேன். கடுகு துள்ளுவதைப் பார்த்து உலகத்தில் வேறு யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

ஒரு நாள் சமமாகத் துள்ளிய ஜோடி கிடைத்தது. பெட்டிகளில் திருகி வைத்தேன். அறையில் இருந்தது ஒரே நாற்காலி. நடுவில் போட்டு உட்கார்ந்து ரிக்கார்டை வைத்தேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்கு நேர் முன்னால், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், மேரி வந்து நின்றாள். மூச்சு இழுப்பது கேட்டது. எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கலாமா என்று இருந்தது. எழுந்தால் அவள் போய்விடுவாள். அந்த ஒரு நாற்காலியில் இருந்தால்தான் அவள் இருப்பாள். இரண்டு பேர் சேர்ந்து கேட்க முடியாத பாட்டு அது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சவரி வந்தான். நாற்காலியை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக் கேட்டான். பிறகு உதட்டைப் பிதுக்கினான்.

"இந்தாண்ட நிக்குறா மாமு" என்று வலது பெட்டியைக் காட்டினான். "நடுவுல வரல. இடது பொட்டி சவுண்டு கம்மி."

என் தப்பை நீங்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். எனக்கு அவள் நடுவில் நின்றாள். ஆனால் சவரி வெளிநாட்டில் கேட்டவன். நான்கு பேர் நடுவில் சத்தமாகப் பேசத் தெரிந்தவன். நான் என் காதை நம்பவில்லை, அவன் வாயை நம்பினேன். இடது ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு காதர் பாயிடம் போனேன். வேறொன்று. அடுத்த ஞாயிறும் அவன், "இந்தாண்டதான் கீறா" என்றான். இரண்டு ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் வலது பக்கம்தான். ஒயர்களை மாற்றிப் போட்டேன். வலது பக்கம்தான். கடுகுகள் சமமாகத் துள்ளின, மேரி மட்டும் சவரிக்கு நடுவில் வரவில்லை. இப்படி இரண்டு மாதம் போயிற்று. அந்த இரண்டு மாதமும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஜோடி கிடைக்காதவரை அவன் ஒவ்வொரு ஞாயிறும் வருவான் அல்லவா.

சவரிக்கு அடிக்கடி தலையைச் சாய்த்து இடது காதை உள்ளங்கையால் தட்டிக்கொள்ளும் பழக்கம் இருந்தது. "தண்ணி பூந்துகிச்சி" என்பான். கடலில் விழுந்து குளிக்கிறவன், நான் பெரிதாக நினைக்கவில்லை. சில நாள் காதில் பஞ்சு இருக்கும்.

ஒரு ஞாயிறு மேரி பாடிக்கொண்டிருந்தாள். சவரி கேட்டது போதும் என்று எழுந்து, தலை வாரிக்கொள்ளக் கண்ணாடி முன்னால் போனான். கண்ணாடி எதிர்ச் சுவரில் இருந்தது. பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சீப்பும் கையுமாக நின்றவன் சிரித்தான்.

"இன்னா மாமு, மேரி இப்ப அந்தாண்ட ஓடிட்டா?" என்று சீப்பால் காட்டினான். அவன் காட்டியது அத்தனை நாள் சத்தம் குறைவு என்று சொல்லிவந்த இடது பெட்டியை. திரும்பி நின்றதால் அது அவனுக்கு வலது பக்கமாக வந்திருந்தது.

மேரி பெட்டியோடு நிற்கவில்லை. அவன் தலையோடு திரும்புகிறாள். அவன் வலது காது பக்கமே போய் நிற்கிறாள். கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, ஆம்ப்ளிஃபையரில் இல்லை, என் காதிலும் இல்லை.

அவன் சீப்பைப் பையில் செருகிக்கொண்டு, "இதுவும் ஜோடி இல்ல. மாத்தியாந்துடு" என்றான்.

"சரி" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். கப்பலேறுவதற்கு முன் கம்பெனி டாக்டர் பார்ப்பார், காது மந்தம் என்று தெரிந்தால் எஞ்சின் ரூமில் விட மாட்டார்கள். சொன்னால் அவன் பிழைப்பில் மண் விழும் என்று நினைத்தேன். இது ஒரு காரணம். வேலை போனால் அவன் கரையிலேயே இருப்பான், ஞாயிறுதோறும் வருவான் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அப்படி நினைத்த என்மேல் எனக்கே பயம் வந்தது. இது இன்னொரு காரணம். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே காரணம்தான். ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து, "உனக்குக் காது கேட்கவில்லை" என்று சொல்ல எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்குக் கருணை என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் காதர் பாய் கடைக்குப் போய், அருமையாக ஜோடி சேர்ந்திருந்த இடது ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்தேன். கனத்த காந்தம் வைத்த, ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துகிற ஒன்று வேண்டும் என்றேன்.

"ரெண்டு மாசமா ஒண்ணு போல ஒண்ணு வோணும்னு என் உயிர எடுத்தே" என்றார் பாய். "இப்ப ஒண்ணுக்கொண்ணு ஒட்டாதது வோணுமா? வெயில்ல சுத்தாத சார்."

அடுத்த ஞாயிறு சவரி நாற்காலியில் உட்கார்ந்தான். முள்ளை வைத்தேன். அவன் முகம் மாறியதை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. வாயைத் திறந்தபடி, காலண்டரைப் பார்த்துக்கொண்டு, அசையாமல் இருந்தான். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினான்.

"வந்துட்டா மாமு! மெய்யாலுமே வந்துட்டா! நேரா நிக்குறா பாரு!"

அன்று நாற்காலியை விட்டு அவன் எழுந்திருக்கவே இல்லை. அவன் போன பிறகு நான் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு மேரி இடது சுவரின் மூலையில், துணிக் கொடிக்குப் பக்கத்தில் நின்று பாடினாள். பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுகமாகக்கூட இருந்தது.

மூன்று மாதம் கழித்து அவன் முறை வந்தது. டாக்டரைப் பார்க்கப் போன அன்று, மத்தியானம், என் டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. வெளியே குந்தி உட்கார்ந்துகொண்டு உள்ளே பார்த்தான். அந்த ஜன்னலில் நான் பார்த்த ஒரே முகம் அவனுடையதுதான்.

"அவுட்டுன்ட்டான் மாமு. பின்னால நின்னுகினு குசுகுசுன்னு ஏதோ சொல்றான், திருப்பிச் சொல்லுன்றான். இடது காதுல சீயி கட்டிகினு கீதாம். மூணு மாசம் முந்தி வந்திருந்தா மருந்துலயே காஞ்சிருக்குமாம்."

நான் பில்லைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

"எல்லாம் டபாய்க்கிறான். காது போயிருந்தா மேரி எப்பிடி நடுவுல நிப்பா? நீயே பாத்த இல்ல? வேற டாக்டராண்ட போய்ச் சொல்லப்போறேன். உன் வூட்டுப் பொட்டிதான் எனக்கு சாட்சி."

"மருந்து குடுத்தாரா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் வலது காதை ஜன்னலுக்குத் திருப்பினான். மறுபடி கேட்டேன்.

"சொட்டு மருந்து குடுத்தான். எவன் வுடுவான்? வுட்டா, காது கெட்டுப்பூட்ச்சின்னு நானே ஒத்துக்கினாப்புல."

சொல்லியாக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். முடிவு செய்வதில் நான் எப்போதுமே வேகம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனைக் கொண்டுவிடுகிற சாக்கில் கடற்கரை ரோட்டில் ராயபுரம் பக்கமாக அவனோடு நடந்தேன். அலை ரோடுவரை வந்து உடைந்துகொண்டிருந்தது. காலடிப்பேட்டையில் ஆரம்பித்து மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டே வந்து, தண்டையார்பேட்டை தாண்டியதும் வாய்திறந்து சொன்னேன். முழுவதும் சொன்னேன். கண்ணாடி முன் நின்றதை, கனத்த காந்தத்தை, எல்லாவற்றையும். அவன் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "மாமு, அடுத்த வாரம் அந்த ரிக்கார்டுக்கு ஒரு உறை தச்சிப் போடணும்" என்றான்.

நான் அவனுக்கு இடது பக்கத்தில், கடல் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தற்செயல் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் எப்போதும் என்னைத் தோளைப் பிடித்து வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வான். அன்றைக்கு நான்தான் இந்தப் பக்கம் வந்திருந்தேன்.

இரண்டாம் தடவை சொல்ல என்னிடம் தைரியம் மிச்சமில்லை. வாயால் முடியாததைப் பெட்டியை விட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று தோன்றியது. காதர் பாய் கடையில் என் பழைய ஸ்பீக்கர் சிவப்புப் பொட்டோடு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. "மறுபடியும் ஜோடியா? நீ ஒரு முடிவுக்கு வா சார்" என்று மட்டும் சொன்னார் பாய். என் முகத்தைப் பார்த்து அவர் அன்று கேலி செய்யவில்லை.

சவரி வந்தான். உறை தைக்கக் காக்கித்துணி கொண்டுவந்திருந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். முள்ளை வைத்துவிட்டு நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேரி ஒரு முழு அடி பாடினாள்.

"நவுந்துட்டா" என்றான். பிறகு, "இந்தாண்ட போய்ட்டா" என்றான்.

அவன் தலையை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். எழுந்து பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி நின்றான். மறுபடி நேராக நின்றான். எஞ்சினில் எந்த இடத்தில் சத்தம் மாறுகிறது என்று தேடிப் பழகியவன் அல்லவா, அவனுக்கு நீண்ட நேரம் ஆகவில்லை. போய் இடது பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். மூலையில், கழற்றிய கனத்த ஸ்பீக்கர் பேப்பரில் சுற்றி வைத்திருந்தது. அதைக் கையில் எடுத்து எடை பார்த்தான்.

"எப்ப மாத்துன?"

"அன்னிக்கு. நீ தொடையில தட்டினியே, அதுக்கு முந்தின வாரம்."

"எனக்குன்னு மாத்துனியா?"

"ஆமாம்."

"அப்பவே தெரியும் உனக்கு."

"தெரியும்."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். கஸ்மாலம், சோமாறி என்று அவன் வாயில் வராத வார்த்தை கிடையாது. ஒன்றும் வரவில்லை. ஸ்பீக்கரைப் பேப்பரில் திரும்பச் சுற்றி, இருந்த இடத்தில் வைத்தான்.

"ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா மாமு?" என்றான். "இத்தினி ஆணி பிடுங்கி, இத்தினி ஒயரு மாத்தி... ஒரு வார்த்ததான?"

மேரி பாடிக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். காக்கித்துணி நாற்காலியின் மேலேயே கிடந்தது.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டினான் என்று காதர் பாய் சொல்லித் தெரிந்தது. சீழ் நின்றுவிட்டதாம். கேட்கும் சக்தி திரும்பவில்லையாம். கப்பல் இல்லை என்று ஆகிவிட்டது. கொஞ்ச நாள் துறைமுகத்தில் மூட்டை எண்ணினான் என்றும், பிறகு விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டான் என்றும் கேள்விப்பட்டேன். போவதற்கு முன்னால் மூன்று தடவை அவன் தெரு முனைவரைக்கும் போனேன். அவன் வீடு எது என்று எனக்குத் தெரியாது. அவன்தான் எப்போதும் என் அறைக்கு வருவான். வலை காயப்போட்டிருந்த பெண்கள் யாராவது "இன்னாபா, யாரு வோணும்?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியில் நானே உட்கார்ந்து கேட்டேன். மேரி இப்போது எனக்கு அணுப் பிசகாமல் நடுவில் நின்றாள். அவ்வளவு சரியாக எதிரே வந்து ஒருத்தி நின்றால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் ரிக்கார்டில் முள் ஓடும் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் சமமாகக் கேட்கும். ஒரு வருஷத்துக்குள் பெட்டிகளைக் காதர் பாயிடமே கொடுத்துவிட்டேன். ஒன்று ஒரு டீக்கடைக்கும் மற்றது ஒரு சைக்கிள் கடைக்கும் போயிற்று என்று சொன்னார். இரண்டையும் சேர்த்து வாங்க யாரும் வரவில்லையாம்.

அந்தத் தொழிற்சாலையில் இப்போது என்னைப் போன்ற ஆள் கிடையாது, கார்டைக் குத்துகிற மெஷின் வந்துவிட்டது. காதர் பாய் இருந்த சந்தில் பாத்திரக் கடைகள். தேயிலையை இப்போது பலகைப் பெட்டியில்தான் அனுப்புகிறார்களா என்றுகூடத் தெரியவில்லை.

மாடிவீட்டுக்காரருக்குப் பெட்டி பிடித்துக் கொடுத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என்ன தோன்றியதோ, பஸ் ஏறி ராயபுரம் போய் இறங்கினேன். கடலோரமாக நடந்தேன். தெரு முனை என்று நான் நினைத்திருந்த இடத்தில் லாரி லாரியாகக் கருங்கல் கொட்டியிருந்தது. கல்லின் மேல் ஒருவர் உட்கார்ந்து வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வலது பக்கமாகப் போய் நின்று, நன்றாகக் காதில் விழும்படி கேட்டேன்.

"ஏங்க, இங்க சவரிமுத்துன்னு ஒருத்தர் இருந்தாரு. கப்பல்ல வேலை. அக்கா வீட்டுல இருந்தாரு. அவங்க வீடு எது?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையில் ஊசி இருந்ததால் மோவாயால் கடலைக் காட்டினார்.

"அந்தத் தெருவா? அத்த கடலு எட்த்துகினு பத்து வருசம் ஆவுது நைனா. அதோ, அந்தப் படகு போவுது பாரு, அதுக்கும் அந்தாண்ட."

படகு போய்க்கொண்டிருந்தது. அது தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். தாண்டிய பிறகு எந்த இடம் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே தண்ணீராக இருந்தது.